கசங்காத சட்டை, கலையாத கேள்வித்தாள்

காலையில் ஃபீல்டுக்குப் போய் ஒன்பது பேரைப் பேட்டி கண்டு, பொழுது சாயும் முன் ஊர் திரும்பி, அன்றிரவே ஆடியோ முழுவதையும் கணினியில் ஏற்றிவிடும் ஆய்வாளரே, உங்களைப் புகழ வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். பண்புசார் ஆய்வு என்றால் மாதக்கணக்கில் ஊரோடு கிடக்க வேண்டும், மனிதர்களோடு பழக வேண்டும் என்றெல்லாம் முன்னோர் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்கியவர் நீங்கள். கிளிப் போட்ட அட்டையில் இருபத்தைந்து கேள்விகள். ஆளுக்கு அரை மணி. முடிந்ததும் ஒரு நன்றி, ஒரு பிஸ்கட் பாக்கெட். ஒரு வீட்டு அழுகை அடுத்த வீட்டு நேரத்தைத் தின்பதில்லை. இவ்வளவு ஒழுங்கு தபால்காரருக்குக்கூட வாய்ப்பதில்லை. அவரைத் திண்ணையில் உட்கார வைத்து ஊர்க்கதை பேசுகிறார்கள். உங்களை யாரும் பிடித்து வைப்பதில்லை.

முதலில் உங்கள் சட்டையைச் சொல்ல வேண்டும். போகும்போது இருந்த மடிப்பு திரும்பும்போதும் அப்படியே இருக்கிறது. இடம் பார்த்து இறங்குவதில் உங்களுக்குள்ள தேர்ச்சிதான் காரணம். கார் எதுவரை போகிறதோ அதுவரைதான் ஊர். பஞ்சாயத்து அலுவலகம், ரேஷன் கடை, பால் சொசைட்டி, டீக்கடை எல்லாம் தார்ச்சாலை ஓரத்திலேயே இருக்கின்றன; கோவையாகப் பேசத் தெரிந்தவர்களும் அங்கேயே கிடைக்கிறார்கள். வாய்க்காலைத் தாண்டி, வரப்பில் நடந்து போய்ச் சேர வேண்டிய காலனியில் யார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், எந்த வீட்டில் குழந்தை போன மாதம் இறந்தது என்பதெல்லாம் சாலையோரத்துக்கு நடந்து வந்து உங்களிடம் பதில் சொல்லாது. ஆகவே உங்கள் தரவில் நோயும் சாவும் குறைவு. படிக்கிறவர் மனம் நோகாத தரவு அது.

இந்தத் தேர்ச்சியை விரிவாக எழுதி வைத்தவர் ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். 1970-களில் வட ஆர்க்காட்டு ஊர்களிலும் இலங்கையிலும் நடந்த நெல் சாகுபடி ஆய்வில் பங்கெடுத்தவர். 1983-இல் வந்த நூலில், நகரத்திலிருந்து போகும் நிபுணர்கள் கிராமத்து வறுமையைக் காணாமலே திரும்பும் வழிகளை வரிசைப்படுத்தினார். தார்ச்சாலையை விட்டு இறங்காதது, திட்டம் நடக்கும் ஊருக்கே போவது, ஆண்களையும் வசதியுள்ளவர்களையுமே சந்திப்பது, மழையில்லாத மாதங்களில் மட்டும் பயணம் செய்வது, மரியாதை கருதிச் சங்கடமான கேள்வியைத் தவிர்ப்பது, தன் துறைக்கு வெளியே எதையும் பாராதது. ஆறு வழிகளையும் கண்டறிய அவருக்கு ஆண்டுக்கணக்கான அனுபவம் தேவைப்பட்டது. ஆறையும் நீங்கள் ஒரே நாளில் கடைப்பிடிக்கிறீர்கள்.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போவது மாசியில். தை அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புழங்கும் நேரம், கடன் கொஞ்சம் அடைந்திருக்கும், கூரை ஒழுகாது, பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. சாப்பாட்டுக்குக் கஷ்டமுண்டா என்று கேட்டால், "பரவாயில்லைங்க, ஓடுது" என்கிறார்கள். அதையே எழுதிக்கொள்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதே வீட்டில் கூலி வேலை நின்றிருக்கும், தோடு அடகுக்குப் போயிருக்கும், அடுப்பு ஒருவேளைதான் எரியும். அப்போது போனால் காரின் சக்கரம் சேற்றில் மாட்டும் என்பதால் நீங்கள் போவதில்லை. வாகனத்தின் மேல் இவ்வளவு அக்கறை உள்ளவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்தது, கேட்பவர் யார், சொல்பவர் யார் என்ற எல்லையைக் காப்பதில் உங்கள் உறுதி. ஒருமுறை உங்களைப் போன்ற ஒருவரோடு கூடப் போயிருந்தேன். முதியவர் ஒருவர், கேள்வி ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே, "தம்பி, ஓஏபி பணம் நாலு மாசமா வரல. யாரைப் பாக்கணும்?" என்றார். "அது எங்க வேலை இல்லைங்க ஐயா. அடுத்த கேள்விக்குப் போவோமா?" என்று கனிவாகச் சொல்லி எட்டாம் கேள்வியைக் கேட்டார் நம்மவர். அந்த எட்டாம் கேள்வி, முதியோருக்கான அரசு நலத்திட்டங்கள் பற்றிய உங்கள் கருத்து என்ன என்பது. முதியவர், "நல்லா இருக்குங்க" என்றார். ஓய்வூதியம் நின்றுபோன ஒருவர் திட்டத்தில் திருப்தி தெரிவித்ததாக அந்தத் தாளில் பதிவானது. வீட்டு வாசலில், வெயிலில், இரண்டே நிமிடத்தில் நடந்தது இது.

லண்டனில் 1970-களில் ஆன் ஓக்லி என்ற சமூகவியலாளருக்கு இந்த உறுதி கைவரவில்லை. தலைச்சன் பிரசவத்துக்குக் காத்திருந்த 55 பெண்களைப் பிரசவத்துக்கு முன் இரண்டு தடவை, பின் இரண்டு தடவை சந்தித்துப் பேசினார். எதிராளி திருப்பிக் கேட்டால் நழுவிவிட வேண்டும், கருத்துச் சொல்லிவிடக் கூடாது என்றே அக்காலத்துப் பாடநூல்கள் போதித்தன. அந்தப் பெண்களோ அவரிடம் 878 கேள்விகளைத் திருப்பிக் கேட்டார்கள். முக்கால் பங்கு, விவரம் வேண்டிக் கேட்டவை. குழந்தை எந்த வழியாக வெளியே வரும்? முதுகில் போடும் மயக்க மருந்தால் உடம்பு முடங்கிப் போகுமா? பச்சைக் குழந்தையை வீட்டில் தனியே விட்டுப்போனால் என்ன ஆபத்து? முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு, கேட்க வேறு ஆளில்லாமல், டேப் ரெக்கார்டரோடு வந்தவரிடம் கேட்டிருக்கிறார்கள். ஓக்லி பாடநூலை ஓரம் வைத்துவிட்டுப் பதில் சொன்னார். ஆய்வு முடிந்து நான்கு ஆண்டு கழித்தும் அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரோடு தொடர்பில் இருந்தார். பெண்களை எட்ட நிறுத்திப் பேட்டி காண்பது தனக்குள்ளேயே முரண்பட்ட காரியம் என்று 1981-இல் எழுதினார்.

உங்கள் ஒலிப்பதிவுகளில் மக்கள் உங்களைக் கேட்ட கேள்விகளை எண்ணிப் பார்க்க நேர்ந்தால் எளிதாக முடிந்துவிடும். ஒரு மனிதரை அரை மணி நேரம் எதிரே உட்கார வைத்து, அவருடைய வயிற்றையும் வருமானத்தையும் வியாதியையும் பற்றிப் பேச வைத்து, அவருக்கு ஒரு கேள்விகூட வாய்க்கு வராதபடி செய்வது லேசான காரியமில்லை. அதற்கு நாற்காலியை எங்கே போடுவது, எப்போது கடிகாரத்தைப் பார்ப்பது என்ற பயிற்சி வேண்டும். உங்களுக்கு நாற்காலி, அவருக்குத் தரை என்று அமைந்தால் இன்னும் வசதி.

கேள்வித்தாளைத் தொலைத்தவர்கள் எப்படி அலைந்தார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சீனாவின் யுனான் மாகாணத்தில் 1990-களின் தொடக்கத்தில் கேரலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர், ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த பெண்கள் நலத்திட்டத்தில், 62 கிராமத்துப் பெண்களின் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டார்கள். வயல்வேலை செய்யும் பெண்கள். எதைப் படமெடுப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். படங்களைக் கழுவி எடுத்து, கூட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். போட்டோவாய்ஸ் என்று இன்று உலகமெங்கும் வழங்கும் முறை அங்கே பிறந்தது.

அந்தப் படங்களில் ஒன்றில், ஒரு தாய் மக்காச்சோளக் கொல்லையில் களையெடுக்கிறாள். கைக்குழந்தை தனியே தரையில் கிடக்கிறது. உங்கள் கேள்வித்தாளில் ‘பணிநேரத்தில் குழந்தையைப் பராமரிப்பவர்’ என்று ஒரு கேள்வி உண்டு. தாய், பாட்டி, அங்கன்வாடி, பிறர் என்று நான்கு கட்டங்களும் உண்டு. தரை என்று ஒரு கட்டம் கிடையாது. அந்தத் தாயை நீங்கள் கேட்டிருந்தால், ‘தாய்’ என்றே டிக் அடித்திருப்பாள். அது பொய்யும் ஆகாது. அவளைப் போன்ற பெண்களின் கையில் கேமரா இருந்ததால் சோளத்தட்டைகளுக்கு நடுவே கிடந்த அந்தப் பிள்ளை அதிகாரிகளின் மேசைக்கு வந்தது. பகல்நேரக் குழந்தைக் காப்பகம், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, சிறுமிகளின் படிப்புக்கு உதவித்தொகை என்று பின்னால் தொடங்கியவற்றுக்கு அந்தப் படங்கள் துணைநின்றன. படத்தை வைத்துப் பேசுவதற்கு அந்த முறையில் கேட்பவை ஐந்து கேள்விகளே. இதில் என்ன தெரிகிறது, உண்மையில் இங்கே என்ன நடக்கிறது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, ஏன் இப்படி இருக்கிறது, இதற்கு நாம் என்ன செய்யலாம். உங்களிடம் இருபத்தைந்து இருக்கின்றன. எண்ணிக்கையில் நீங்கள் ஐந்து மடங்கு.

நடந்துகொண்டே பேட்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மார்கரெத் குசன்பாக் என்பவர் 2003-இல் இதைப் பற்றி எழுதினார். பேசுகிறவர் வழக்கமாகப் போகும் வழியிலேயே கூடப் போவது. அவர் நிற்கும் இடத்தில் நிற்பது. வியர்வை நாறும். உங்களுக்கு ஒத்துவராது.

கோலமாவு வழியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கர்நாடகத்தில் மைராடா, குஜராத்தில் ஆகாகான் அமைப்பு முதலானவை 1980-களின் கடைசியில் வளர்த்தெடுத்த பி.ஆர்.ஏ. எனும் பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு முறை இது. ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே தரையில் வரைவார்கள். கோலமாவு, சாம்பல், குச்சி, புளியங்கொட்டை, எது கிடைக்கிறதோ அது. சீமைக்கருவேலம் மண்டிய வறண்ட ஊர் ஒன்றில் பெண்கள் வரைந்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். கோயிலுக்கும் தெருவுக்கும் கோடு போடுவதற்கு முன்பே ஒரு ஆத்தா எழுந்துபோய் கருவேலங்கொப்பு ஒன்றை ஒடித்துவந்து தரையின் ஓரத்தில் வைத்தார். "இது என்னா ஆத்தா?" என்று கூட்டத்தை நடத்திய பெண் கேட்டார். "இருட்டோட போற எடம் தாயி." பயம் எங்கெங்கே என்று புளியங்கொட்டை வைக்கச் சொன்னபோது, ஒருத்தி கருவேலங்காட்டில் மூன்று கொட்டை வைத்தாள். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் அந்த மூன்றையும் எடுத்து, காட்டுக்குப் போகும் வழியில், டாஸ்மாக் திருப்பத்தில் வைத்தாள். "காட்டுல என்னக்கா பயம். இங்கதான்." கொஞ்ச நேரம் சத்தம். பிறகு யாரோ இன்னும் இரண்டு கொட்டை கொண்டுவந்து அதே திருப்பத்தில் சேர்த்தார்கள்.

அந்த ஊரில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் அரசு கட்டிக்கொடுத்த கழிப்பறை உண்டு. தண்ணீர் இல்லாததால் உள்ளே விறகு அடுக்கியிருக்கிறார்கள். ‘வீட்டில் கழிப்பறை உள்ளதா?’ என்று நீங்கள் கேட்டால் ‘ஆம்’ என்பதே சரியான பதில். உங்கள் தாள் பிழையில்லாமல் இருக்கும். தரையில் வரைந்த படமோ எல்லார் கண்ணெதிரிலும் கிடந்தது. ஒருத்தி வைத்ததை இன்னொருத்தி நகர்த்தினாள். தப்பென்றால் கையால் அழித்தார்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தை அப்படி யாரும் தொட முடியாது. நீங்கள் மட்டுமே எழுதுவீர்கள், நீங்கள் மட்டுமே படிப்பீர்கள், மூடியதும் அது உங்களுடையது.

இதையெல்லாம் கேட்டு, நீங்களும் இப்போது பங்கேற்பு முறைக்கு வந்துவிட்டீர்கள். அதையும் பாராட்ட வேண்டும். ‘மக்கள் பங்கேற்புடன் கூடிய ஆய்வு’ என்று ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுகிறீர்கள். பத்து மணிக்கு வரவேற்பு, பதினொன்றுக்கு வரைபடம், ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குக் குழுப் புகைப்படம். தரையில் வரைந்தால் எடுத்துப்போக முடியாது என்பதால் சார்ட் பேப்பர். ஊர்க்காரர் கோடு கோணலாக இருக்கும் என்பதால் உங்கள் உதவியாளரே ஸ்கெட்ச் பேனாவால் வரைகிறார். வரைந்ததைச் சுருட்டிக்கொண்டு போனால் ஊரில் ஒரு பிரதிகூட மிஞ்சாது. மாலையில் ஊரின் முதல் தேவை எது என்று கேட்கிறீர்கள். நீங்கள் எந்தத் திட்டத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று காலையிலேயே பேனரைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஊர், உங்களிடம் எது இருக்கிறதோ அதையே கேட்கிறது. உங்கள் திட்டமும் மக்கள் தேவையும் இம்மி பிசகாமல் பொருந்திவிடுகின்றன. மேற்கு இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் நடந்த வேளாண்மைத் திட்டத்தில் இந்தப் பொருத்தம் எப்படி அமைகிறது என்பதை டேவிட் மாஸ் உள்ளிருந்து கண்டு எழுதினார். அவர் கட்டுரையும் சேர்ந்து 2001-இல் வந்த தொகுப்பு, பங்கேற்பே புதிய கொடுங்கோன்மையாகிவிட்டதா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் பங்கேற்புக்கு எட்டுப் படிகள் வகுத்தார். ஆட்டுவிப்பது அடிப்படி, அதிகாரம் மக்கள் கைக்கு வருவது உச்சிப்படி. அடிப்படியில் நின்றுகொண்டே உச்சிப்படிக்குப் பேனர் கட்டும் கை உங்களுடையது.

நிறுத்தத் தெரிவதும் ஒரு கலை. பன்னிரண்டாவது பேட்டியோடு நிறுத்திவிடுகிறீர்கள். புதிதாக எதுவும் வரவில்லை, தரவு நிறைவடைந்துவிட்டது என்கிறீர்கள். வைவாவில் கேட்டால் 2006-இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் எழுதிய கட்டுரையைக் காட்டுகிறீர்கள். அவர்கள் கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களைப் பேட்டி கண்டவர்கள். அறுபதையும் முடித்து, திரும்பப் பார்த்து, பெரும்பாலான கருப்பொருள்கள் முதல் பன்னிரண்டிலேயே வந்துவிட்டன என்று கண்டார்கள். ஓரளவு ஒரே தன்மையுள்ள ஆட்கள், ஒரே மாதிரிக் கேள்விகள் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார்கள். நீங்கள் அறுபதை விட்டுவிட்டீர்கள், நிபந்தனையையும் விட்டுவிட்டீர்கள், பன்னிரண்டை எடுத்துக்கொண்டீர்கள். மேலும், தாசில்தார், வார்டு உறுப்பினர், கூலிப்பெண் மூவரும் ஒரே பன்னிரண்டுக்குள் அடங்கும்படி பார்த்துக்கொண்டீர்கள்.

திரும்பிப் போகாதது உங்கள் பண்புகளில் தலையாயது. பேசியவரிடமே எழுதியதைக் காட்டி, சரியா என்று கேட்க வேண்டும் என்று லிங்கனும் கூபாவும் 1985-இலேயே எழுதினார்கள். திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. நான்சி ஷெப்பர்-ஹியூஸ் என்ற மானுடவியலாளர் மேற்கு அயர்லாந்துக் கிராமம் ஒன்றில் தங்கி, அங்குள்ள மனநோயையும் குடும்ப வாழ்வையும் பற்றி எழுதிய நூல் 1979-இல் வெளிவந்தது, விருதும் பெற்றது. ஊருக்கு மாற்றுப் பெயர்தான் கொடுத்திருந்தார். ஆனாலும் ஊரார் நூலைப் படித்துத் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள், புண்பட்டார்கள். இருபது ஆண்டு கழித்து அவர் திரும்பிப் போனபோது ஊரைவிட்டுக் கிளம்பும்படி ஆயிற்று. அதையும் அவர் மறைக்கவில்லை; புதிய பதிப்பில் எழுதினார்.

உங்களுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தின் அலமாரியில் இருக்கிறது. பேசியவர்கள் ‘பங்கேற்பாளர் 7’ என்றும் ‘பங்கேற்பாளர் 11’ என்றும் இருக்கிறார்கள். கணவன் அடித்ததைச் சொல்லி அழுத ‘பங்கேற்பாளர் 7’, தான் அழுதது மூன்றாம் இயலில் ஒரு மேற்கோளாகவும், அதன் கீழே ‘உணர்ச்சி வெளிப்பாடு’ என்ற குறியாகவும் ஆனதை அறியாமலே அதே வீட்டில் குடித்தனம் நடத்துகிறாள். அவள் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, திருத்தவும் வழியில்லை. ஒப்புதல் படிவத்தில் அவள் கைநாட்டு தெளிவாகப் பதிந்திருக்கிறது. இங்க் பேட் நல்ல தரம்.

செலவிலும் நீங்கள் சிக்கனம். ரெக்கார்டர், மென்பொருள் உரிமம், கருத்தரங்கப் பயணம், ஸ்பைரல் பைண்டிங் என்று பட்ஜெட்டில் எல்லாவற்றுக்கும் தலைப்பு உண்டு. உங்களோடு பேசுவதற்காக நூறு நாள் வேலைக்குப் போகாமல் நின்றவரின் அன்றைய கூலிக்குத் தலைப்பு இல்லை. நேரம் கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுத்தால் தரவு கெட்டுவிடும் என்று சொல்கிறீர்கள். உங்களுக்கு மாதாமாதம் வரும் ஃபெலோஷிப்பால் தரவு கெடாமல் இருப்பது உங்கள் மனவலிமை.

உங்கள் அடுத்த ஆய்வுக்கும் இப்போதே என் பாராட்டைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், எந்தத் தலைப்பு என்று நீங்கள் இன்னும் தீர்மானித்திருக்கமாட்டீர்கள். ஆனால் முடிவுரையின் முதல் கண்டுபிடிப்பு தயாராக இருக்கிறது, மாசியில் யார் என்ன சொன்னாலும் அது மாறப்போவதில்லை: இப்பகுதி மக்களிடையே போதிய விழிப்புணர்வு இல்லை.